ஆட்கள் மாறிய பிறகும் அதே பெயர் நிலைக்கலாமா? பிங்க் ஃப்ளாய்டை முன்வைத்து ஒரு கேள்வி

மழைக்கால ரசிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் அண்ணனுக்கும் இடையே பல ஆண்டுகளாகத் தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு இது. சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒவ்வொரு விடுமுறைக்கும் வாங்கிவந்த இசைத்தட்டுகளை அண்ணன் இன்றும் உறை கசங்காமல் வைத்திருக்கிறார். பிங்க் ஃப்ளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவின் தட்டுகள் வெளிவந்த ஆண்டு வரிசையில் அலமாரியின் மேலடுக்கில் நிற்கும். 1987-இல் வந்த ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ மட்டும் கீழடுக்கில், அந்தக் குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிறருடைய தட்டுகளுக்கு நடுவே இருக்கும். சிறுமியாக இருந்தபோது, இடம் மாறிக் கிடக்கிறது என்று நினைத்து நான் அதை எடுத்து மேலே வைத்தால் மறுநாள் அது மறுபடியும் கீழே போயிருக்கும்.

காரணம் கேட்டபோது அண்ணன் அந்த உறையை விரித்துக் காட்டினார். உள்ளே கிதார் வாசித்த டேவிட் கில்மோர், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் என்ற இருவருடைய படம்தான் இருந்தது. கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மற்ற வாத்தியக்காரர்களின் பெயர்களோடு சேர்த்து அச்சிடப்பட்டிருந்தது. பெரும்பாலான பாடல்களை எழுதிவந்த ரோஜர் வாட்டர்ஸ் 1985-லேயே விலகிவிட்டார். அவர் போன பிறகு குழுவே முடிந்துவிட்டது என்றும், மிஞ்சிய இருவர் அந்தப் பெயரில் தட்டு வெளியிடுவது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் என்றும் அண்ணன் சொல்வார். வாட்டர்ஸும் அதையேதான் சொன்னார். 1986 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1987 டிசம்பரில், தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு வீட்டில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. பெயர் கில்மோருக்கும் மேசனுக்கும் போயிற்று. ‘தி வால்’ என்ற படைப்பின் உரிமை வாட்டர்ஸிடம் தங்கியது.

நான் அந்தத் தட்டை முதலில் கேட்டபோது இந்தக் கதை எதுவும் எனக்குத் தெரியாது. கில்மோரின் கிதார் ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தும் விதத்தைக் கேட்டதும் இது பிங்க் ஃப்ளாய்டுதான் என்று என் காது சொல்லிவிட்டது. அந்தக் காது பொய் சொன்னதாக இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ராக் குழுவின் பெயர் எதைச் சார்ந்து நிற்கிறது? தொடங்கியவரையா, எழுதியவரையா, பாடும் குரலையா, அல்லது எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்ற கணக்கையா? எந்தக் கட்டத்தில் அந்தப் பெயரைக் கீழே வைத்துவிட வேண்டும்? இந்த இசையில் ஊறியவர்கள் பொறுமையாகப் பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இசைத்தட்டுப் பெட்டி

உங்கள் அண்ணனின் பக்கம்தான் நானும் நிற்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. எழுதியவர் போனால் பெயரும் போக வேண்டும் என்ற விதியை வைத்தால், பிங்க் ஃப்ளாய்டு என்ற பெயர் 1968-லேயே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சூட்டியவர் சிட் பாரட். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒட்டவைத்து அவர் அதை உருவாக்கினார். தொடக்க காலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் பாடியவரும் அவரே. அவருடைய மனநிலை குலைந்துகொண்டிருந்தபோது, 1968 ஜனவரியில் ஒரு நாள், சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்கு வண்டியில் கிளம்பிய மற்றவர்கள் வழியில் அவரை ஏற்றிக்கொள்ளாமலேயே போய்விட்டார்கள். அந்த வண்டியில் வாட்டர்ஸும் இருந்தார். பெயரைக் கொடுத்தவரையே வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போன குழுவில் இருந்தவர், 18 ஆண்டுகள் கழித்து அதே பெயருக்காக நீதிமன்றம் ஏறியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். ரிச்சர்ட் ரைட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘தி வால்’ உருவான 1979-இல் வாட்டர்ஸின் நெருக்குதலால் அவர் வெளியேற்றப்பட்டு, அதன் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 1983-இல் வந்த ‘தி ஃபைனல் கட்’டில் அவர் இல்லவே இல்லை. ரோஜர் வாட்டர்ஸ் இயற்றி பிங்க் ஃப்ளாய்டு நிகழ்த்தியது என்று அதன் உறையிலேயே அச்சிட்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் இல்லாத நிலையில் 1983-இல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது வாட்டர்ஸுக்குத் தவறாகப் படவில்லை. தாம் இல்லாத நிலையில் 1987-இல் பயன்படுத்தப்பட்டபோதுதான் தவறாகப் பட்டது. 2013-இல் பிபிசி பேட்டியில், வழக்குத் தொடுத்தது தம் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை மனதார மதிக்கிறேன்.

அப்படியென்றால் நான் ஏன் இன்னும் உங்கள் அண்ணன் பக்கம் நிற்கிறேன்? வேறு வழியும் உண்டு என்று சிலர் நடந்து காட்டியிருக்கிறார்கள் என்பதால்தான். 1980 செப்டம்பரில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் இறந்தபோது லெட் செப்பலின் என்ற அவருடைய குழு உலகத்திலேயே பெரிய குழுக்களில் ஒன்று. எந்த நல்ல டிரம்ஸ் வாசிப்பாளரை அழைத்திருந்தாலும் ஓடி வந்திருப்பார். அந்த டிசம்பரிலேயே, இனிமேல் இப்படியே தொடர முடியாது என்று அறிவித்து நிறுத்திக்கொண்டார்கள். 2007-இல் லண்டனில் ஒரே ஓர் இரவு மேடையேறியபோது டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பான்ஹமின் மகன் ஜேசன். ஜாய் டிவிஷன் குழுவினரும், எங்களில் ஒருவர் விலகினாலும் இந்தப் பெயரைத் தொடர மாட்டோம் என்று முன்கூட்டியே தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். 1980 மே மாதம், அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பவிருந்த நேரத்தில் பாடகர் இயன் கர்ட்டிஸ் உயிரை மாய்த்துக்கொண்டபோது அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள். நியூ ஆர்டர் என்ற புதுப் பெயரில், யாருக்கும் தெரியாத குழுவைப் போல மறுபடி முதல் படியிலிருந்து ஏறினார்கள். ரசிகனாக எனக்கு அந்தத் துணிச்சல் வேண்டும்.

மதுரை பேஸ்காரர்

ஐயா சொன்ன ஜாய் டிவிஷன் கதையில் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூ ஆர்டரின் பேஸ் வாசிப்பாளர் பீட்டர் ஹூக் 2007-இல் விலகினார். மற்றவர்கள் 2011-இல் அவரில்லாமலே அந்தப் பெயரில் மேடையேறினார்கள். அவர் 2015-இல் வழக்குப் போட்டார். 2017-இல் சமரசம் ஆயிற்று. இளமையில் நட்பால் காப்பாற்றப்பட்ட ஒரு பேச்சு, 30 ஆண்டுகள் கழித்துப் பெயரோடு வருமானமும் சேர்ந்துகொண்ட பிறகு நிற்கவில்லை.

நான் ராக் இசைக்காரன் அல்ல. மதுரை வட்டாரத்தில் கோவில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுக்களுக்கு பேஸ் கிதார் வாசிக்கிறேன். ஒரு குழுவில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு விலகினேன். விலகிய நாலாவது மாதம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து விழாக்குழுப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மறுநாள் கச்சேரிக்கு நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று கேட்டார். என் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஊர் எல்லையில் கட்டப்பட்டிருந்தது. என் பழைய குழுதான் வாசிக்கப் போகிறது, நான் அதில் இல்லை என்று சொன்னபோது அந்தப் பெரியவர் சற்று நேரம் பேசவே இல்லை. அந்தக் குழுவின் பெயர் எனக்கு வேண்டாம். அது அதை நடத்துபவருடையது, அவர் உழைப்பில் வளர்ந்தது. வராத என்னைக் காட்டி அந்த ஊர்ப் பெரியவரிடம் முன்பணம் வாங்கியதுதான் என் வயிற்றைப் பிசைந்தது. மழைக்கால ரசிகை கேட்ட கேள்வியை நான் அந்தப் பெரியவர் நிற்கும் இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஃப்ளீட்வுட் மேக்தான். 1967-இல் அந்தக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன் அப்போதே ப்ளூஸ் ரசிகர்கள் கொண்டாடிய கிதார் கலைஞர். தம் பெயரையே வைத்திருக்கலாம். அவரோ டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும் பேஸ் வாசித்த ஜான் மெக்வியின் பெயரையும் சேர்த்துக் குழுவுக்குச் சூட்டினார். மெக்வி அப்போது குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை. அவரை இழுப்பதற்கும் அந்தப் பெயர் உதவும் என்று நினைத்தார். மேடையின் பின்வரிசையில் தாளத்தைத் தாங்கும் இருவருக்கு முன்வரிசைக் கலைஞர் கொடுத்த இந்த மரியாதையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், பேஸ் வாசிப்பவன் என்ற முறையில் என் கண் கலங்கும். 1970-இல் கிரீன் விலகினார். பிறகு கிதார் வாசிப்பவர்களும் பாடுபவர்களும் வந்தபடியும் போனபடியும் இருந்தார்கள். பெயரில் இருந்த இருவர் மட்டும் நகரவில்லை.

1974 ஜனவரியில், அக்குழுவின் மேலாளராக இருந்த கிளிஃபர்ட் டேவிஸ் பெயர் தமக்கே சொந்தம் என்று சொல்லி, அக்குழுவில் ஒருநாளும் இருந்திராத வேறு ஆட்களைத் திரட்டி ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரிலேயே அமெரிக்கா முழுவதும் கச்சேரிக்கு அனுப்பினார். மேடையில் ஃப்ளீட்வுட்டும் இல்லை, மெக்வியும் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். உண்மையான குழு வழக்காடியே அந்த ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தது. அந்த மோசடி வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டின் கடைசியில்தான் லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் குழுவில் சேர்ந்தார்கள். 1977-இல் ‘ரூமர்ஸ்’ வந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. தொடங்கியவர் போனதும் பெயரும் போக வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால், அந்த ஆல்பம் அந்தப் பெயரில் வந்திருக்கவே கூடாது.

டீப் பர்ப்பிளுக்கு நடந்தது இதைவிட மோசம். 1976-இல் குழு கலைந்துவிட்டது. 1980-இல் அதன் முதல் பாடகரான ராட் எவன்ஸ், பழைய குழுவைச் சேர்ந்த வேறு எவரும் இல்லாமல், அந்தப் பெயரில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் மேடையேறினார். அவர் 1969-லேயே குழுவிலிருந்து போனவர். மக்கள் கேட்க வந்த புகழ்பெற்ற பாடல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு இயன் கில்லன் பாடியவை. நீதிமன்றம் 6,72,000 டாலர் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எவன்ஸ் தம் பழைய பாடல்களுக்கான உரிமைத்தொகையையும் இழந்தார். தொடக்கக் குழுவைச் சேர்ந்தவர் என்ற தகுதி அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனாலும் அன்று மேடையில் நின்றது டீப் பர்ப்பிள் அல்ல. ஆகவே, தொடங்கியவர் இருக்கிறாரா என்ற ஒரே அளவுகோல் இங்கே எனக்குப் பயன்படவில்லை.

கருப்பு உறை

ஏசி/டிசியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். 1980 பிப்ரவரி 19-ஆம் தேதி லண்டனில் அந்தக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரையன் ஜான்சனின் குரலில் ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்துவிட்டது. ஐந்தே மாதங்கள். கேட்பதற்கு அவசரமாகத் தெரியும். ஆனால் அந்த உறை முழுவதும் கருப்பு; இறந்தவருக்கான துக்கமாகவே அதை வைத்தார்கள். முதல் பாடல் மணியோசையோடு தொடங்குகிறது. மகனை இழந்த பெற்றோரே, நிறுத்திவிடாதீர்கள் என்று அந்த இளைஞர்களுக்குச் சொன்னார்கள். பாடகர் இறந்ததும் பெயரை எடுத்து வைப்பது மட்டுமே மரியாதை என்று சொல்பவர்கள் இந்தத் தட்டை ஒருமுறை முதலிலிருந்து கேட்க வேண்டும். பான் ஸ்காட்டும் அக்குழுவின் முதல் பாடகர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கால ரசிகை

மூவருக்கும் நன்றி. மதுரை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, ஊர் எல்லையில் கட்டிய அந்த ஃபிளெக்ஸைப் பற்றியே நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. ஏமாற்று எதுவும் இல்லாமல், ஒவ்வொருவராக விலகியும் இறந்தும் போய், கடைசியில் தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாத நிலை வந்தால்? அப்போதும் அது அதே குழுதானா?

ஐந்தாம் தந்தி

அந்த நிலை யெஸ் குழுவுக்கு வந்தே விட்டது, சகோதரி. நான் அந்தக் குழுவை என் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

1968-இல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் வாசிப்பாளர் கிறிஸ் ஸ்குவயரும் சேர்ந்து தொடங்கியது அது. தொடக்கத்திலிருந்தே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1989-இல் ஆண்டர்சனும், பழைய குழுவின் பில் புரூஃபர்ட், ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹவ் ஆகியோரும் ஒன்றுகூடியபோது யெஸ் என்ற பெயர் ஸ்குவயரின் அணியிடம் இருந்தது. ஆகவே நால்வருடைய பெயர்களையும் வரிசையாக எழுதி, அதையே தங்கள் தட்டின் பெயராக்கினார்கள். சட்ட நெருக்கடியால் வந்த பெயர்தான். இருந்தாலும் இவ்வளவு நேர்மையான குழுப் பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைக்குப் போய் அந்தத் தட்டைக் கையில் எடுப்பவருக்கு, உள்ளே யார் யார் வாசிக்கிறார்கள் என்பது முன்னட்டையிலேயே தெரிந்துவிடும்.

2008-இல் ஆண்டர்சன் நோயுற்றபோது குழு அவருக்காகக் காத்திருக்கவில்லை. யெஸ் பாடல்களை மட்டுமே பாடிவந்த வேறொரு ரசிகர் குழுவிலிருந்து ஒரு பாடகரை அழைத்துக்கொண்டது. அப்போது நான் மிகவும் வருந்தினேன். அது இன்றும் ஆறவில்லை. 2015 ஜூனில் ஸ்குவயர் இறந்தார். அன்றுவரை வெளிவந்த யெஸ் ஆல்பங்கள் அனைத்திலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான். தம் இடத்தில் பில்லி ஷெர்வுட் வாசிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். 2017-இல் ஆண்டர்சனும் தம் கூட்டாளிகளோடு யெஸ் என்ற சொல்லைத் தம் குழுப் பெயரில் சேர்த்துக்கொண்டார். சில காலம் இரண்டு குழுக்கள் அந்தப் பெயரில் உலகைச் சுற்றின. 2022-இல் டிரம்ஸ் வாசித்த ஆலன் வைட்டும் இறந்தார். இப்போது அதை நடத்தும் ஸ்டீவ் ஹவ் 1970-இல் சேர்ந்தவர். தொடங்கியவர்களில் ஒருவரும் இல்லை.

இது அதே குழுதானா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஸ்குவயர் கையைக் காட்டிவிட்டுப் போன ஆளே அவர் இடத்தில் நிற்கிறார் என்பதும், 1970-களின் முக்கியமான தட்டுகளில் கிதார் வாசித்த அதே விரல்கள் இன்றும் அந்தப் பாடல்களை வாசிக்கின்றன என்பதும் எனக்குப் போதுமான காரணங்கள். குருவிடமிருந்து சீடருக்குப் போவதுபோல் அந்தப் பெயர் கைமாறியிருக்கிறது. டீப் பர்ப்பிள் என்ற பெயரில் 1980-இல் வந்தவர்களுக்கு அப்படிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

ஆனால் உரிமை இருந்தும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். இந்த விவாதத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர்கள் அவர்கள்தான். குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1991 நவம்பரில் இறந்தார்; பேஸ் வாசித்த ஜான் டீக்கன் 1997-க்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டார். பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் குவீன் என்று மட்டும் போட்டுக்கொண்டு மேடையேறியிருந்தால் கேட்பார் யாருமில்லை. முதலில் பால் ராட்ஜர்ஸோடு பாடியபோதும் பிறகு ஆடம் லாம்பர்ட்டோடு பாடியபோதும் குவீன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியிட்டு, பாடுபவரின் பெயரையும் சேர்த்தார்கள். அந்தச் சிறிய குறி, மெர்குரியின் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை என்று டிக்கெட்டிலேயே சொல்லிவிடுகிறது. புதியவருக்கும் அது நல்லது. பழையவரைப் போலப் பாட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

டோனி அயோமியும் 2006-இல் அப்படித்தான் செய்தார். பிளாக் சப்பாத்தில் தொடக்கம் முதல் விலகாமல் இருந்தவர் அவர் ஒருவரே. கீசர் பட்லரும் ரானி ஜேம்ஸ் டியோவும் வின்னி அப்பீசும் கூட இருந்தார்கள். அதே நால்வர் முன்பு அதே பெயரில் தட்டு வெளியிட்டும் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஹெவன் அண்ட் ஹெல் என்ற வேறு பெயரில் ஊர் ஊராகப் போனார்கள். பிளாக் சப்பாத்தின் முதல் பாடகரான ஆஸி ஆஸ்போர்னின் காலத்துப் பாடல்களை எதிர்பார்த்து யாரும் ஏமாந்து வந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பிங்க் ஃப்ளாய்டுக்கு வருகிறேன். 1987-இல் கில்மோருக்கும் மேசனுக்கும் பெயரைத் தொடர உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். பாரட் இல்லாத அத்தனை தட்டுகளிலும் கில்மோரின் கிதார் இருக்கிறது; மேசன் முதல் நாளிலிருந்து இருக்கிறார். அவர்கள் செய்த பிழை வேறு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரைட் திரும்பி வந்தபோது, அவரை அந்தப் படத்தில் சேர்க்காமல் விட்டார்கள். வாட்டர்ஸ் இல்லாததைவிட ரைட் அந்தப் படத்தில் இல்லாததுதான் உங்கள் அண்ணன் விரித்துக் காட்டிய உறையில் எனக்கு வலிக்கும் இடம்.

மழைக்கால ரசிகை

நேற்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போய் இவற்றையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். மெல்லிசைக் குழுக் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 1983-ஐப் பற்றி இசைத்தட்டுப் பெட்டி ஐயா எழுதியதைக் கேட்டதும் எழுந்துபோய் ‘தி ஃபைனல் கட்’டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ரைட்டின் பெயர் இல்லை என்பதை இத்தனை ஆண்டுகளாகத் தாம் கவனிக்கவே இல்லை என்று சொன்னார். பிறகு அந்தத் தட்டைக் கீழடுக்கில், 1987-இன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மேலே ஏற்றச் சொல்லி நான் கேட்டேன். ரைட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார்.